வில்லங்கம் இல்லாத வீடு

பெருநகரங்களில் செல்வர் வாழும் பகுதிகளில் பழைய மாளிகையொன்று விலைக்கு வரும்போது வெளியாகும் விளம்பரங்களை வாசகர்கள் கண்டிருக்கக்கூடும். கட்டிய ஆண்டு, கட்டடக் கலைஞரின் பெயர், பளிங்குப் படிக்கட்டு, ஓவியம் தீட்டிய மேற்கூரை, அறைகளின் எண்ணிக்கை என்று யாவும் அவற்றில் இருக்கும். ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ என்னும் அடைமொழியும் தவறாது இடம்பெறும். அந்த அடைமொழிக்கே தனியொரு விலை உண்டு. ஆனால் ஒரு செய்தி மட்டும் அவ்விளம்பரங்களில் இராது. இதற்கு முன் இந்த வீட்டை ஆண்டவர்கள் ஏன் இதை விட்டுச் சென்றார்கள் என்பதே அது.

நம் ஊரில் வீடு வாங்குபவர் மூலப்பத்திரத்தைக் கேட்பார். வில்லங்கச் சான்று எடுப்பார். அடமானம் உண்டா, வழக்கு உண்டா, பங்காளிகளின் உரிமை ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பார்ப்பார். எல்லாம் சரியாயிருந்தால், ‘எவ்வித வில்லங்கமும் இல்லை’ என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திடுவார்கள். பதிவாளரின் கண்ணுக்குத் தெரியும் வில்லங்கம் அவ்வளவே. அவருடைய புத்தகத்தில் ஏறாத வில்லங்கமும் ஒன்று உண்டு. கட்டிய பணம் யாருடையது? விற்ற பணம் எங்கே போனது? இக்கேள்விகளுக்கு எந்த அலுவலகமும் சான்று தருவதில்லை. வரலாறுதான் தரவேண்டும்.

அப்படியொரு சான்றை நாம் எடுத்துப் பார்க்கப்போகும் வீடு நியூயார்க் நகரில் இருக்கிறது. நம் தாய்த் திருச்சபையும் ஒரு காலத்தில் அதன் உரிமையாளராய் இருந்தது என்பதால் இக்கதை நமக்கு அயலார் கதையன்று.

மன்ஹாட்டன் தீவின் நடுப்பகுதியில், ஐந்தாம் அவென்யூவில், புனித பேட்ரிக் பேராலயம் நிற்கிறது. பேராயர் ஜான் ஹியூஸ் 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், விண்ணேற்பு அன்னையின் திருவிழாவன்று, அதற்கு அடிக்கல் நாட்டினார். அயர்லாந்தின் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்து, வீட்டு வேலைக்காரிகளாகவும் மூட்டை சுமப்பவர்களாகவும் பிழைத்த ஏழைக் கத்தோலிக்கர்களின் சிறு காசுகளும் அதில் சேர்ந்தன. உள்நாட்டுப் போரினால் வேலை இடையில் நின்றுபோய், 1879ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் கதவுகள் திறந்தன. பேராலயத்தின் பின்புறம் மேடிசன் அவென்யூ ஓடுகிறது. அந்தச் சாலையின் மறுபுறத்தில், 50ஆம் தெருவுக்கும் 51ஆம் தெருவுக்கும் இடையில், பேராலயம் திறந்து மூன்றே ஆண்டுகளில் வேறொரு கட்டடம் எழத் தொடங்கியது. அதுவே வில்லார்ட் இல்லங்கள் எனப்படும் மாளிகை.

அந்நாளில் அந்நகரத்துச் செல்வர்கள் கட்டிக்கொண்ட மாளிகைகள் பெரும்பாலும் பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாய் நிற்பவை. ஒவ்வொருவரும் தம் முகப்பு அடுத்தவர் முகப்பை விஞ்ச வேண்டும் என்று போட்டியிட்ட காலம் அது. ஹென்றி வில்லார்ட் என்பவர் மட்டும் மாறுபட்டதொரு வழியை எண்ணினார். ஆறு வீடுகள், ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே அரண்மனை. மூன்று பக்கமும் வீடுகள் சூழ, நடுவே ஒரு முற்றம். முற்றத்தின் நான்காம் பக்கம் சாலையை நோக்கித் திறந்திருக்கும். பழுப்பு நிற மணற்கல்லால் ஆன, ஆரவாரமற்ற முகப்பு. தெற்குச் சிறகு வில்லார்டுக்கு. ஏனையவை அவர்தம் நண்பர்களுக்கும் தொழில் தொடர்பினருக்கும். மெக்கிம், மீட், ஒயிட் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலை நிறுவனம் பணியை ஏற்றது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் மாரில் வெல்ஸ் முகப்பை வரைந்தார். அவர் மாதிரியாகக் கொண்டது உரோமை நகரிலுள்ள கான்சலேரியா அரண்மனை. இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். இதன் பொருளுக்குப் பின்னர் வருவோம்.

*

ஹென்றி வில்லார்ட் செல்வராய்ப் பிறந்து வளர்ந்து அந்நாட்டை ஆண்டவர் அல்லர். 1835ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஸ்பையர் நகரில் பிறந்தார். ஹைன்ரிக் ஹில்கார்ட் என்பது பெற்றோர் இட்ட பெயர். நீதிபதியாயிருந்த தந்தையோடு பிணங்கி, பெயரையும் மாற்றிக்கொண்டு, 1853இல் அமெரிக்காவில் கால் வைத்தபோது அவருக்கு வயது பதினெட்டு, ஆங்கிலமும் தெரியாது. அம்மொழியைக் கற்று, அம்மொழியிலேயே செய்தியாளராய் உயர்ந்தார். லிங்கனுக்கும் டக்ளசுக்கும் இடையே நடந்த புகழ்பெற்ற விவாதங்களை நேரில் கண்டு எழுதினார். உள்நாட்டுப் போர்க்களங்களிலிருந்து செய்தி அனுப்பினார். அடிமை ஒழிப்புக்காகத் தம் வாழ்வையே தந்த வில்லியம் லாயிட் கேரிசனின் மகள் ஃபேன்னியை 1866இல் மணந்தார். அறத்தின் பக்கம் நின்ற குடும்பம் அது என்பதை மறக்கலாகாது.

பின்னர் அவர் இருப்புப்பாதைத் தொழிலில் இறங்கினார். 1881இல், ஏறத்தாழ ஐம்பது முதலீட்டாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். 80 இலட்சம் டாலர் வேண்டும்; எதற்கென்று இப்போது சொல்ல இயலாது; என்னை நம்பித் தாருங்கள் என்பது அதன் சாரம். பணம் வந்து குவிந்தது. அதைக் கொண்டு வடக்குப் பசிபிக் இருப்புப்பாதை நிறுவனத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்து, அதன் தலைவருமானார். காரணம் கேளாமல் இலட்சங்களைக் கொட்டிய அந்த நம்பிக்கையை அக்காலத்துப் பணச் சந்தை வியந்து பேசியது.

அந்த இருப்புப்பாதைக்கு 1864இல் லிங்கன் கையெழுத்திட்ட சாசனத்தின் வழியாக அரசு அளித்த நிலம் ஏறத்தாழ 4 கோடி ஏக்கர். அந்த நிலம் ஆளற்ற நிலமன்று. லகோட்டா, குரோ முதலிய தொல்குடி மக்கள் வேட்டையாடி வாழ்ந்த மண்ணின் ஊடே தண்டவாளம் சென்றது. மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்து பாதை அமைத்தவர்களுள் ஆயிரக்கணக்கானோர் சீனத் தொழிலாளர்கள். அவர்கள் மண் சுமந்துகொண்டிருந்தபோதே, 1882ஆம் ஆண்டில், சீனத் தொழிலாளர் இனி இந்நாட்டுக்குள் வரலாகாது என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது. மேடிசன் அவென்யூவில் மாளிகையின் அடித்தளம் தோண்டப்பட்டதும் அதே ஆண்டுதான்.

1883ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் மோன்டானா பகுதியிலுள்ள கோல்டு கிரீக்கில் இரு திசைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் ஒன்றுகூடின. முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்ட் வந்திருந்தார். இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பெருமக்கள் தனித் தொடர்வண்டிகளில் அழைத்து வரப்பட்டிருந்தனர். ஸ்பையர் நகரிலிருந்து கையில் காசின்றி வந்த இளைஞன் எட்டக்கூடிய உச்சம் அது.

ஆனால் விருந்து முடியுமுன்பே கணக்கு வெளிவரத் தொடங்கிவிட்டது. பாதை அமைக்க ஆன செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் பெருகியிருந்தது. பங்குகளின் விலை சரிந்தது. நம்பிப் பணம் போட்டவர்கள் கலங்கினர். அந்த நேரத்தில், 1883 டிசம்பரில், வில்லார்ட் தம் மனைவி மக்களோடு புதிய மாளிகைக்குக் குடிவந்தார். வேலை முற்றும் முடிந்திருக்கவில்லை. தெருவில் கூட்டம் கூடியது. தங்கள் சேமிப்பு காற்றில் போனதென்று கருதியவர்களுக்கு அது போன இடம் கண்ணெதிரே கல்லாய் எழுந்து நிற்பதுபோல் தோன்றியது. ஆறு வீடுகளும் ஓர் அரண்மனைபோல் தோன்ற வேண்டும் என்று அவர் விரும்பினார் அல்லவா? அந்த விருப்பமே அவருக்கு எதிரான சாட்சியமாயிற்று. அவருடைய பங்கு ஒரு சிறகே என்பதை அறியாத மக்கள், அந்த முழு அரண்மனையும் ஒரு மனிதனின் வீடு என்றே கண்டார்கள்.

1884 ஜனவரியில் அவர் நிறுவனத் தலைமையைத் துறந்தார். நிறுவனத்தைத் தாங்கிப் பிடிக்க முயன்று, தம் சொந்தப் பொருளையும் அவர் இழந்திருந்தார். வசந்த காலத்தில் குடும்பம் மாளிகையை விட்டு வெளியேறியது. அந்த அரண்மனையில் அவர்கள் வாழ்ந்தது சில மாதங்களே. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாய்க் கட்டிவிட்டு, இனி ஓய்வெடுக்கலாம் என்று தன் நெஞ்சோடு பேசிக்கொண்ட செல்வனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்கு நினைவு வருகிறது. ஆயினும் வில்லார்டை அந்த அறிவற்ற செல்வனாக மட்டும் எண்ணி விட்டுவிடுவது நீதியாகாது. அவர் மீண்டும் எழுந்தார். 1900இல் இறக்கும்வரை தொழிலில் ஈடுபட்டிருந்தார். மாளிகையை இழந்தபோது உடனிருந்த ஃபேன்னி அம்மையார், 1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் போர் மூண்டபோது, பெண்கள் நடத்திய அமைதிப் பேரணிக்குத் தலைமை தாங்கி ஐந்தாம் அவென்யூவில் நடந்தார். அவர்தம் மகன் ஆஸ்வால்டு, கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் தோன்றிய தேசியச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். கேரிசன் தாத்தாவிடமிருந்து வந்த முதுசொம் அது. அந்தச் சொத்தைக் கடன்காரர் எவராலும் கைப்பற்ற இயலவில்லை.

*

இனி, உரோமையிலுள்ள மூல அரண்மனையைப் பார்ப்போம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைக் கட்டத் தொடங்கியவர் கர்தினால் ரஃபாயேலே ரியாரியோ. திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துவின் உறவினர் என்பதால் பதினாறு, பதினேழு வயதிலேயே கர்தினால் ஆனவர். திருத்தந்தை எட்டாம் இன்னொசென்டின் மகனோடு ஓரிரவு சூதாடி வென்ற பணமே அந்த அரண்மனைக்கு மூலதனமாயிற்று என்று உரோமையில் நெடுங்காலம் பேசப்பட்டது. அது வெறும் ஊர்ப்பேச்சாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்து நிகழ்ந்தது ஊர்ப்பேச்சன்று. 1517இல், திருத்தந்தை பத்தாம் லியோவைக் கொல்லச் சிலர் செய்த சதியில் தொடர்புடையவர் என்று ரியாரியோ குற்றம் சாட்டப்பட்டார். பெருந்தொகையைத் தண்டமாகச் செலுத்தி உயிர் பிழைத்தார், அரண்மனையோ கைமாறியது. அங்கே திருத்தந்தையின் செயலகம் குடியேறியது. கான்சலேரியா என்றால் செயலகம் என்பதே பொருள். கட்டியவரின் பெயர் மறைந்து, பறித்துக்கொண்ட அலுவலகத்தின் பெயரே அந்த மாளிகைக்கு நிலைத்துவிட்டது.

நியூயார்க்கில் அதன் சாயலில் எழுந்த மாளிகைக்கு வருவோம். வில்லார்டின் பகுதியை 1886இல் வாங்கியவர்கள் ‘நியூயார்க் டிரிபியூன்’ நாளிதழின் ஆசிரியர் ஒயிட்லா ரீடும் அவர் துணைவியார் எலிசபெத்தும். அம்மையார் பெருஞ்செல்வரின் மகள். அவர்கள் காலத்தில் மாளிகை பொலிவின் உச்சத்தை அடைந்தது. பொன் முலாம் பூசிய இசைக்கூடத்தில், ஜான் லா ஃபார்ஜ் தீட்டிய ஓவியங்கள் ஏறின. இங்கிலாந்துக்கான அமெரிக்கத் தூதராகப் பணியாற்றிய ஒயிட்லா ரீடு 1912இல் இலண்டனில் இறந்தார். அம்மையார் 1931இல் மறைந்தார். அதற்குள் நகரமே மாறிப்போயிருந்தது. வீடுகள் இருந்த இடங்களில் கடைகளும் அலுவலகங்களும் முளைத்தன. ஐந்தாம் அவென்யூவில் வாண்டர்பில்ட் குடும்பத்தார் எழுப்பிய பெருமாளிகைகளே 1920களில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. வில்லார்ட் இல்லங்கள் தப்பிப் பிழைத்தன. இரண்டாம் உலகப் போரின்போது படைப்பணியில் இருந்த பெண்கள் தங்கி இளைப்பாறும் இல்லமாக ஒரு பகுதி பயன்பட்டது. போருக்குப்பின் வடக்குச் சிறகில் ராண்டம் ஹவுஸ் என்னும் புத்தக நிறுவனம் குடியேறியது.

1940களின் இறுதியில் மாளிகையின் பெரும்பகுதியை வாங்கியவர் யார் தெரியுமா? சாலைக்கு மறுபுறம் இருந்த அண்டை வீட்டாரான நியூயார்க் உயர் மறைமாவட்டமே. அப்போது பேராயராய் இருந்தவர் கர்தினால் ஸ்பெல்மன். மாளிகையில் உயர் மறைமாவட்டத்தின் செயலகம் அமைந்தது. உரோமையில், ஒரு கர்தினாலின் அரண்மனை செயலகம் ஆயிற்று; நியூயார்க்கில், அந்த அரண்மனையின் சாயலில் எழுந்த வீடும் செயலகம் ஆயிற்று. வில்லார்டோ வெல்ஸோ இதைக் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். பேராலயத்துக்கு ஒரு காசு, இரு காசு என்று தந்த வேலைக்காரிகளின் பேரப்பிள்ளைகள், தங்கள் பாட்டிமார் பின்கதவு வழியாக மட்டுமே நுழைந்திருக்கக்கூடிய மாளிகையின் முன்வாயில் வழியாக இப்போது நுழைந்தார்கள். புலம்பெயர்ந்து வந்து இழிவுபட்ட ஒரு சமூகத்துக்கு இது எவ்வளவு பெரிய நிமிர்வாய் இருந்திருக்கும் என்பதை நம்மால் உணர முடிகிறது.

ஆனால் வரலாறு ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவதில்லை. அதே காலத்தில், 1949ஆம் ஆண்டு தொடக்கத்தில், உயர் மறைமாவட்டத்துக்குரிய கல்வாரிக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வாரத்துக்கு ஆறு நாள் வேலையை ஐந்து நாளாகக் குறைத்து, கூலியைக் குறைக்காதிருக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அவர்கள் கத்தோலிக்கர்கள், பலர் பிள்ளைகுட்டிக்காரர்கள். கர்தினால் அதில் பொதுவுடைமையாளரின் கை இருப்பதாகக் கருதினார். குருமாணவர்களை அழைத்துச் சென்று குழி வெட்டச் செய்தார். அப்போது அவருக்கு ஒரு பெண்மணி கடிதம் எழுதினார். நீங்களே அவர்களைத் தேடிச் செல்லுங்கள், அவர்களோடு பேசுங்கள் என்று பணிவோடும் துணிவோடும் அதில் வேண்டிக்கொண்டார். அவர் பெயர் டாரத்தி டே.

டாரத்தி டே 1927இல் திருமுழுக்குப் பெற்றவர். 1933ஆம் ஆண்டு மே முதல் நாள், பீட்டர் மொரின் என்பவரோடு சேர்ந்து ‘கத்தோலிக்கத் தொழிலாளி’ என்னும் இதழைத் தொடங்கினார். விலை ஒரு காசு. வேலையற்றோர்க்குக் கஞ்சியும் வீடற்றோர்க்குப் படுக்கையும் தரும் விருந்தோம்பல் இல்லங்கள் அந்த இதழிலிருந்தே பிறந்தன. அவருக்கும் மன்ஹாட்டனில் ஒரு பழைய வீடு இருந்தது. மேடிசன் அவென்யூவில் அன்று. நகரின் தென்பகுதியில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த கிறிஸ்டி தெருவில். அந்த வீட்டின் கதை நம் மாளிகையின் கதைக்கு உரைகல்லாய் அமைவதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

*

1970களின் தொடக்கத்தில் ஆறு வீடுகளும் உயர் மறைமாவட்டத்தின் உடைமையாகிவிட்டன. ஆனால் அதே வேளையில் செயலகம் அங்கிருந்து வெளியேறியது. ஃபர்ஸ்ட் அவென்யூவில் எழுந்த கத்தோலிக்க மையத்துக்கு 1973இல் அலுவலகங்கள் மாற்றப்பட்டன. பழைய மாளிகை வெறுமையாய் நின்றது. பள்ளிகள், மருத்துவமனைகள், அனாதை இல்லங்கள் என்று பெருஞ்செலவுள்ள திருச்சபை, விலைமதிப்பற்ற நிலத்தில் ஒரு வெற்று மாளிகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கர்தினால் டெரன்ஸ் குக் காலத்தில், 1974இல், ஹாரி ஹெல்ம்ஸ்லி என்னும் கட்டடத் தொழிலதிபர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, ஐம்பது மாடிகளுக்கு மேற்பட்ட தங்கும் விடுதியை அங்கே எழுப்புவது. பழைய மாளிகையை அதன் வாயிலாக்குவது.

நகரத்தார் கொதித்தெழுந்தனர். இதே கட்டடக் கலை நிறுவனம் எழுப்பிய பென்சில்வேனியா தொடர்வண்டி நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியபோது கையறு நிலையில் நின்றவர்கள் அவர்கள். அந்த இழப்பின் பயனாக 1965இல் நினைவுச் சின்னங்களைக் காக்கும் சட்டம் பிறந்தது; 1968இல் வில்லார்ட் இல்லங்கள் அச்சட்டத்தின் காவலுக்குள் வந்தன. ஆனால் சட்டம் காத்தது வெளிமுகப்பை மட்டுமே. பொன் முலாம் பூசிய இசைக்கூடம் உள்ளே இருந்தது. முதல் திட்டத்தின்படி அது தப்பியிருக்காது. கூட்டங்களும் கடிதங்களும் விவாதங்களுமாய்க் காலம் கடந்தது. இறுதியில் திட்டம் திருத்தப்பட்டது. மாளிகையின் பின்பகுதிகள் இடிபட்டன. முகப்பும் முற்றமும் முதன்மையான அறைகளும் பிழைத்தன. விடுதி 1980இல் திறக்கப்பட்டது.

இந்த விவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அழகு எல்லோருக்கும் உரியது. அதை அழிக்க உரிமையாளருக்கும் உரிமையில்லை என்றனர் ஒரு சாரார். ஏழைகளுக்குச் செலவிட வேண்டிய திருச்சபை, செல்வர் விட்டுச்சென்ற சித்திரக் கூரைகளுக்குக் காவலாளியாய் நிற்பதா என்றனர் மறுசாரார். விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று பெத்தானியாவில் எழுந்த குரல் நமக்கு நினைவிருக்கிறது. அக்குரலை எழுப்பியவன் யூதாசு என்பதும் நினைவிருக்கிறது. ஆகவே ஏழையின் பெயரைச் சொல்லி விற்பவர் எல்லாம் ஏழைக்காக விற்பவர் ஆகிவிட மாட்டார். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. வந்த பணத்தை எந்தக் கையால் வாங்கினோம், எந்தக் கையால் கொடுத்தோம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

அதற்குத்தான் கிறிஸ்டி தெருவுக்குப் போகவேண்டும். 1950இல் டாரத்தி டே குழுவினர் அங்கொரு வீட்டை வாங்கி விருந்தோம்பல் இல்லமாக நடத்தி வந்தனர். சுரங்க இருப்புப்பாதைக்காக நகராட்சி அந்த வீட்டைச் சட்டப்படி எடுத்துக்கொண்டது. விலையாகத் தந்த தொகை 68,700 டாலர். பணம் தரத் தாமதமானதால் வட்டியாக 3,579 டாலர் 39 காசுகளும் சேர்த்துக் கொடுத்தது. வீட்டை இழந்தவர்கள், நாள்தோறும் உணவுக்காகக் கையேந்தி வரும் நூற்றுக்கணக்கானோர்க்குச் சோறு போடுபவர்கள், கடன்கள் வேறு. ஆயினும் 1960 ஜூலையில் டாரத்தி டே அந்த வட்டித் தொகையை மட்டும் நகரக் கருவூலத்துக்குத் திருப்பி அனுப்பினார். பணம் தானே குட்டி போடுவதில்லை, வட்டி வாங்குவதைத் திருச்சபையின் பழைய போதனை ஏற்கவில்லை, ஆகவே இது எங்களுடையதன்று என்று விளக்கம் எழுதினார். நகரக் கருவூலத்துக்கு அது விந்தையாய்த்தான் இருந்திருக்கும்.

அவர் செய்தது பொருளாதார அறிவுக்கு ஒவ்வாதது என்று நாம் வாதிடலாம். அந்தப் பணத்தில் எத்தனை பேருக்குக் கஞ்சி வார்த்திருக்கலாம் என்றும் கேட்கலாம். ஆனால் நம் வில்லங்கச் சான்றின் நோக்கில் பார்த்தால், அந்த விற்பனை ஒன்றே மறைவில்லாதது. பணம் எங்கிருந்து வந்தது, எதை வைத்துக்கொண்டோம், எதைத் திருப்பினோம், ஏன் திருப்பினோம் என்று அனைத்தையும் அவர் வெளிப்படையாய் எழுதித் தம் இதழிலேயே வெளியிட்டார்.

மேடிசன் அவென்யூவில் விடுதி திறக்கப்பட்ட 1980ஆம் ஆண்டின் நவம்பர் 29ஆம் நாள், மூன்றாம் தெருவிலுள்ள விருந்தோம்பல் இல்லத்தில், ஏழைப் பெண்களின் நடுவே டாரத்தி டே உயிர் நீத்தார். அடக்கத் திருப்பலிக்கு அவருடைய எளிய சவப்பெட்டி வந்தபோது, ஆலய வாயிலில் நின்று ஆசி வழங்கியவர் கர்தினால் குக். 2000ஆம் ஆண்டில் அவரைப் புனிதராக அறிவிப்பதற்கான பணிகளைத் தொடங்கியதும் அதே நியூயார்க் உயர் மறைமாவட்டந்தான். தன்னைக் கண்டித்துக் கடிதம் எழுதிய மகளைப் புனிதராகக் காண விழையும் பெருமனமும் திருச்சபைக்கு உண்டு என்பது நமக்கு ஆறுதல்.

*

மாளிகையின் பிற்காலத்தைச் சுருங்கச் சொல்லலாம். விடுதியை ஆண்டுவந்த லியோனா ஹெல்ம்ஸ்லி அம்மையார் வரி ஏய்ப்புக்காக 1989இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 1993இல் விடுதி புருணை நாட்டு அரச குடும்பத்தாரின் கைக்குப் போனது. 2015இல் தென் கொரியாவின் லாட்டே நிறுவனம் 80 கோடியே 50 இலட்சம் டாலருக்கு அதை வாங்கியது. வில்லார்டின் குடும்பம் சில மாதங்களே வாழ்ந்த அறைகளில் இன்று வழிப்போக்கர்கள் நாள் வாடகைக்குத் தங்கிச் செல்லும் விடுதியின் விருந்துகள் நடக்கின்றன.

உயர் மறைமாவட்டத்தின் கதை அத்தோடு முடியவில்லை. 1973இல் குடிபுகுந்த ஃபர்ஸ்ட் அவென்யூ கட்டடத்தையும் விற்கப்போவதாக 2024இல் அது அறிவித்தது. பேராலயத்துக்கு அருகில், மேடிசன் அவென்யூவிலேயே, வாடகை இடத்துக்குத் திரும்புவதாகவும் சொன்னது. 2025 டிசம்பரில் அதற்கான காரணங்களுள் வலிமிக்க ஒன்று வெளிப்படையாய்ப் பேசப்பட்டது. சிறார்களாய் இருந்தபோது குருக்களாலும் பணியாளர்களாலும் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு இழப்பீடு வழங்க 30 கோடி டாலருக்கு மேல் திரட்ட வேண்டும். அதற்காகச் செலவைக் குறைக்கிறோம், சொத்துகளை விற்கிறோம் என்று கர்தினால் டோலன் இறைமக்களுக்கு எழுதினார்.

இதைப் படிக்கும்போது நம் தலை கவிழ்கிறது. கவிழ வேண்டியதுதான். ஆனால் கவிழ்ந்த தலையோடு ஒன்றைக் கவனிப்போம். நம் மாளிகையின் நூற்று நாற்பது ஆண்டு வரலாற்றில் எத்தனை முறை பணம் கைமாறியது! ஆசைக்காகக் கட்டியவர், கடனுக்காக இழந்தவர், பெருமைக்காக வாங்கியவர், இலாபத்துக்காக எடுத்தவர் என்று எல்லாரையும் கண்டோம். இழைத்த தீங்கை ஒப்புக்கொண்டு, தீங்குற்றவர் கையில் கொடுப்பதற்காக ஒரு கட்டடத்தை விற்பது அவற்றினின்று வேறுபட்டது. அது பரிவால் செய்யும் தருமமன்று, பட்ட கடன். கடனைத் தீர்ப்பவருக்குப் புகழ் கிடையாது. தீர்க்காமல் இருப்பவருக்குத்தான் வில்லங்கம். அந்தப் பணம் அந்தக் காயங்களை ஆற்றிவிடாது என்பதும் உண்மை. ஆயினும் நான்கு பங்காகத் திருப்பித் தருவேன் என்று சக்கேயு எழுந்து நின்றபோதுதான் ஆண்டவர் அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததென்றார். அவன் வீட்டின் அழகையோ மதிப்பையோ அவர் கருதவில்லை. அவ்வீட்டின் கதவு வழியாக வெளியே போன பணத்தையே கருதினார்.

நம்மில் எவரும் மேடிசன் அவென்யூவில் மாளிகை வாங்கப்போவதில்லை. ஆனால் தந்தை விட்டுச் சென்ற வீட்டைப் பங்கிடுகிறோம், காணியை விற்கிறோம், பங்கின் சொத்தைப் பற்றிப் பேரவையில் அமர்ந்து முடிவெடுக்கிறோம். அப்போதெல்லாம் பத்திரத்தின் கடைசி வரிக்குக் கீழே கையெழுத்திடுமுன், பதிவாளர் கேளாத அந்தக் கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளலாம். இந்தத் தொகையில் நம்முடையதல்லாத பங்கு ஏதேனும் இருக்கிறதா? அது எவ்வளவு சிறியதாயினும், 39 காசு வரையில் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுத்த ஒருவர் இந்நூற்றாண்டுக்குச் சற்று முன்பு நம்மிடையே வாழ்ந்திருக்கிறார்.